முந்நூறு மீட்டர்

மாசத்தின் இரண்டாம் ஞாயிறு, மாலை ஐந்தரை,
ராயபுரம் மேம்பாலத்துக்குக் கீழே நஜீர் டீக்கடை.
சுவரில் ஒரு கடிகாரம் உண்டு.
அதில் எப்போதும் மூன்றேகால்.
நாங்கள் ஏழு பேர், கைக்கடிகாரப் பைத்தியங்கள்,
ஒருவரும் இதுவரை அதைக் குறை சொன்னதில்லை.

மேசையைத் துடைத்து மஞ்சள் துணி விரிக்கிறான் டெஸ்மண்ட்.
ஒவ்வொன்றாய்க் கழன்று வந்து படுக்கின்றன.
எங்கள் மணிக்கட்டுகளில்
வெயில் படாத வெளுத்த வட்டங்கள் மட்டும்.

"வார்னா தோல் வார்தான். கைக்குப் பழகும்,
வேர்வை குடிக்கும், நம்மளோட கறுக்கும்"
என்று ஆரம்பிப்பான் டெஸ்மண்ட்.
கேவல்சந்த் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்வார்.
சௌகார்பேட்டை அடகுக்கடைக்காரர்.
நாலு லட்சத்துக் கடிகாரத்தின் கன்றுத்தோல் வாரை
தொடாமல், கடையிலேயே கழற்றச் சொல்லி
கான்வாஸ் மாட்டி வாங்கி வந்தவர்.
எஃகு வளையல்தான் மரியாதை என்பார்கள் ஐசிஎஃப் அண்ணன் தம்பி.
நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
கிரீஸ் பட்டால் துவைக்கலாம் என்று நைலான்.
இந்தச் சண்டை முடிந்ததாய்ச் சரித்திரம் இல்லை.

அன்று குணாளன் புதிதாய் ஒன்றை எடுத்து வைத்தான்.
அறுபதுகளின் சாயல். குவிந்த கண்ணாடி, சின்ன முகம்,
முட்களின் நடுவே காய்ந்த டீக்கறை போல ஒரு பழுப்பு.
"இருட்டில் மின்னும் பூச்சு
ஐம்பது வருஷம் ஆனால் இந்த நிறத்துக்கு வரும்.
அதுவரை யார் காத்திருப்பது?
தொழிற்சாலையிலேயே பூசி அனுப்புகிறான்."

நான் என் ஹெச்எம்டியை அதன் பக்கத்தில் நகர்த்தினேன்.
உண்மையாகவே பழுத்த முகம் அதற்கு இருந்தது.
மின்ட் தெருவில் எவனோ அதைச் சுரண்டிக் கழுவி,
மயில் நீலம் அடித்து,
எழுத்தைத் திரும்பப் பதித்து (அதிலும் ஒன்று கோணல்)
நானூற்றைம்பதுக்கு என் தலையில் கட்டிவிட்டான்.
இரண்டையும் மாறி மாறிப் பார்த்தோம்.
டெஸ்மண்ட் மீசையைத் தடவினான்.
மீசைக்கு அவன் மை போடுவது எல்லோருக்கும் தெரியும்.
பேச்சு கொஞ்ச நேரம் நின்றது.

அமலோற்பவம் கடைசியாய்க் கழற்றினாள்.
காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். சங்கத்தில் மூன்றாவது மாதம்.
இரண்டேகால் லட்சம், சீட்டு எடுத்த காசு.
அதில் மூத்தவன் பைக் கேட்டிருந்தான்.
கனத்த எஃகு, சுழலும் வளையம்,
முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும் என்று முகத்தில் பொறிப்பு.
வாருக்குக் கறுப்பு ரப்பர்.

"கூட வந்த எஃகுச் செயின் எங்க?" பெரிய ஐசிஎஃப் பதறினார்.
"கண்ணிக்குக் கண்ணி செதில் மாட்டுது அண்ணே,
ராத்திரி பூரா ஊசியால நோண்டணும்.
ரப்பர்னா ஒரு தேய் சோப்பு, வாசம் போச்சு."

"நீ கடலில் இறங்குவியா?"
"எனக்கு நீச்சலே தெரியாது."

சிரித்தோம். அவளும் சிரித்துவிட்டுச் சொன்னாள்:
"வஞ்சிரம் ஐஸை விட்டு வெளிய வந்ததும்
இந்த வளையத்தைத் திருகுவேன்.
இருபது நிமிஷம் தாண்டினா வியாபாரி மூஞ்சி மாறிடும்.
அதுக்குள்ள நான் கத்தி முடிக்கணும்."

என்னிடமும் அப்படி வளையம் உள்ள ஒன்று இருக்கிறது.
கட்டிலில் படுத்தபடி சும்மா திருகுவேன்.
அறுபது முறை 'டிக்' என்னும்.
அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்கினேன் என்று
அங்கே எப்படிச் சொல்வது.

குணாளன் கை நீட்டி அவளுடையதை வாங்கினான்,
வெளிச்சத்தில் சாய்த்தான்.
கண்ணாடி விளிம்பில் ஒரு கீறல், வளையப் பற்களில் உப்பு.
"இது எந்த வருஷத்துப் பாணி?" என்று கேட்டான்.
"போன பங்குனி" என்றாள்.

பிறகு எதையோ நினைத்துக்கொண்டவளாய்
வளையத்தைப் பார்த்தாள்.
"டீ வெச்சப்போ திருகினேன்.
பதினேழு நிமிஷம்."

ஏழு கண்ணாடி டம்ளர்களிலும் ஆடை கட்டியிருந்தது.
திரும்பச் சூடு பண்ண முடியாது என்று
சொல்லிவிட்டான் நஜீர்.